முப்புரிக் கயிறு கண்ட விஞ்ஞானி

வைக்கோல் பிரி திரிப்பதைப் பார்க்காதவர் தஞ்சை ஜில்லாவில் குறைவு. அறுவடை இயந்திரம் வந்த பிறகு அந்த வேலை அருகிவிட்டது. ஆனாலும் விதைக் கோட்டை கட்டத் தெரிந்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒற்றை வைக்கோலைக் கைக்குழந்தைகூடப் பிய்த்துவிடும். அதையே முறுக்கிப் பிரியாக்கினால் கட்டுத் தாங்கும். தென்னைநார்க் கயிறும் அப்படித்தான். நாரை ஒரு பக்கமாக முறுக்கிப் புரி ஆக்குகிறார்கள். மூன்று புரிகளைச் சேர்த்து எதிர்ப்பக்கமாக முறுக்குகிறார்கள். ஒரு முறுக்கு மற்றொரு முறுக்கைப் பிடித்துக்கொள்கிறது. இழுத்தாலும் கயிறு பிரிவதில்லை.

நம் உடம்புக்குள்ளும் இப்படி ஒரு முப்புரிக் கயிறு இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத மிக நுண்ணிய கயிறு. தோலுக்கு உறுதி தருவது அது. தசையை எலும்போடு கட்டுவது அது. எலும்பிலும், மூட்டுக் குருத்திலும், ரத்தக் குழாயின் சுவரிலும், நுரையீரலிலும் அதுதான் ஊடும் பாவுமாக ஓடுகிறது. உடம்பிலுள்ள புரதத்தில் நாலில் ஒரு பங்குக்குக் குறையாமல் இதுவே. இதன் பெயர் கொலாஜன்.

அந்தக் கயிறு எப்படித் திரிக்கப்பட்டிருக்கிறது என்று உலகத்துக்குச் சொன்னவர் ஒரு தமிழர். பெயர் ஜி. என். ராமச்சந்திரன். ராமச்சந்திரன் என்றால் நம் ஜனங்களுக்கு வேறொருவர் முகந்தான் முன்னால் வரும். அது இயற்கை. இவர் முகம் எந்தச் சுவரொட்டியிலும் வந்ததில்லை. ஆனால் இவர் போட்ட ஒரு கணக்கு இன்று பெரிய ஆஸ்பத்திரிகளுக்குள்ளெல்லாம் வேலை செய்துகொண்டிருக்கிறது. சி.டி. ஸ்கேன் என்று சொல்கிறார்களே, உடம்பை அறுக்காமல் உள்ளே பார்க்கும் படம், அதை வரைய ஒரு சுருக்குவழி கொடுத்தவர்களில் இவரும் ஒருவர்.

கயிறு எங்கே, ஸ்கேன் எங்கே என்று கேட்கலாம். ஒரு வியாதியில் இரண்டும் வந்து சேருகின்றன. வியாதிக்கு முன்னால் மனிதரைப் பார்த்துவிடுவோம்.

காவிரிக் கரையில் படிப்பு

பூர்வீகம் திருநெல்வேலிச் சீமையிலுள்ள கோபாலசமுத்திரம். பெயருக்கு முன்னால் நிற்கும் ‘ஜி’ அந்த ஊர்தான். பிறந்தது எர்ணாகுளத்தில், 1922-ம் வருஷம் அக்டோபர் 8-ந் தேதி. தந்தை நாராயண ஐயர் அங்கே மகாராஜா கல்லூரியில் கணிதப் பேராசிரியர். தாயார் லட்சுமி அம்மாள். வாத்தியார் வீட்டுப் பிள்ளைக்குக் கணக்கு வீட்டுப் பேச்சாகவே இருந்தது.

1939-ல் பையன் திருச்சிக்கு வந்தான். செயின்ட் ஜோசப் கல்லூரியில் பௌதிக ஆனர்ஸ் வகுப்பு. தெப்பக்குளமும் மலைக்கோட்டையும் பக்கத்தில். காவிரி கூப்பிடு தூரத்தில். சோழநாட்டு வயல்களுக்குத் தண்ணீர் பிரிந்து போகும் இடத்தில் இருக்கும் ஊர் அது. பின்னாளில் ஜனாதிபதியான அப்துல் கலாமும் இதே கல்லூரியில்தான் படித்தார். மூன்று வருஷம் கழித்து, 1942-ல், ராமச்சந்திரன் சென்னை மாகாணத்திலேயே முதலாவதாகத் தேறினார்.

பிறகு பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகம். சேர்ந்தது மின்சார எஞ்சினியரிங் பிரிவில். அங்கே பௌதிகப் பிரிவில் இருந்தவர் ஸர் சி. வி. ராமன். ராமனும் காவிரிக் கரைக்காரர்தான். பிறந்தது திருச்சிக்கு அடுத்த திருவானைக்காவில். பையனின் மூளையைக் கண்டுகொண்ட ராமன், அவனை எஞ்சினியரிங்கிலிருந்து தம் பிரிவுக்கு இழுத்துக்கொண்டார். அந்த ஒரு மாற்றம் இல்லாவிட்டால் நாட்டுக்கு நல்ல எஞ்சினியர் ஒருவர் கிடைத்திருப்பார். நாம் இந்தக் கட்டுரை எழுதிக்கொண்டிருக்க மாட்டோம்.

ராமனிடம் கற்றது படிகங்களைப் பற்றிய வித்தை. 1947 முதல் 1949 வரை இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் இருந்து இன்னொரு டாக்டர் பட்டம் வாங்கிக்கொண்டு பெங்களூர் திரும்பினார். 1952-ல் சென்னை சர்வகலாசாலையில் புதிதாகப் பௌதிகத் துறை தொடங்கியபோது, துணைவேந்தர் லட்சுமணசாமி முதலியார் அவரைத் தலைவராக அழைத்துக்கொண்டார். ராமச்சந்திரனுக்கு அப்போது வயது முப்பதை ஒட்டி. இந்தக் காலத்தில் அந்த வயதில் உத்தியோகத்துக்கு மனுப் போட்டுக்கொண்டிருப்பவர்களே அதிகம்.

கங்காரு வால்

கிண்டியில் புதிய துறை. எதை ஆராய்வது? அந்தச் சமயம் இங்கிலாந்திலிருந்து பெர்னால் என்ற பெரிய விஞ்ஞானி சென்னைக்கு வந்தார். கொலாஜனின் அமைப்பு இன்னும் யாருக்கும் சரியாகப் பிடிபடவில்லை என்று பேச்சுவாக்கில் தெரிவித்தார். ராமச்சந்திரன் அதைப் பிடித்துக்கொண்டார்.

அதற்குத் தோதான இடமும் பக்கத்திலேயே இருந்தது. மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் அடுத்தாற்போல அடையாற்றில். மாட்டுத் தோலைப் பதனிடுவது என்றால் கொலாஜனைப் பதனிடுவதுதான். ஆராய்ச்சிக்கு மிகவும் உதவியது ஆஸ்திரேலியாவின் கங்காரு வால் நரம்பு. ரத்தம் ஓடும் நரம்பில்லை. தசையை எலும்போடு கட்டும் நாண். கங்காரு வாலில் அதன் இழைகள் சீராக ஒரே வரிசையில் ஓடும். படம் தெளிவாக விழும்.

இந்தப் படம் ஆஸ்பத்திரியில் எலும்பு முறிந்தால் எடுக்கும் எக்ஸ்-ரே படம் போன்றதில்லை. இழையின் மீது எக்ஸ் கதிரை விட்டால் அது சிதறிப் பிலிமில் புள்ளிகளாகவும் வளைகோடுகளாகவும் விழும். கோலத்துப் புள்ளிகளை மட்டும் காட்டி, கோலம் என்ன என்று கேட்பது மாதிரி. கணக்கால்தான் கண்டுபிடிக்கவேண்டும்.

ராமச்சந்திரனும் அவருடன் உழைத்த கோபிநாத் கர்த்தாவும் கண்டுபிடித்தார்கள். மூன்று சரங்கள் சேர்ந்து ஓடுகின்றன என்று 1954-ல் இங்கிலாந்தின் ‘நேச்சர்’ பத்திரிகையில் எழுதினார்கள். அடுத்த வருஷம் அதைத் திருத்தினார்கள். ஒவ்வொரு சரமும் இடப்பக்கம் முறுக்கிக்கொண்டு, மூன்றும் சேர்ந்து வலப்பக்கம் முறுக்கிக்கொள்கின்றன என்று காட்டினார்கள். முறுக்குக்குள் முறுக்கு! சந்திரன் பூமியைச் சுற்றி வரும்போதே தானும் சுழன்றுகொள்வதை நினைத்துப் பார்த்தபோது அந்த யோசனை உதித்ததாக ராமச்சந்திரன் பிற்காலத்தில் சொல்வது வழக்கம். நம்மூர்க் கயிறு திரிப்பவரைப் பார்த்திருந்தாலும் உதித்திருக்கும் என்பது நம் அபிப்பிராயம்.

சரங்களிலும் ஒரு ஒழுங்கு உண்டு. பூ கட்டுகிற பெண்கள் இரண்டு பூவுக்கு ஒரு மருக்கொழுந்து வைப்பார்களே, அதுபோல் கொலாஜன் சரத்தில் மூன்றாவது மணி எப்போதும் கிளைசின் என்ற மிகச் சிறிய அமிலந்தான். மூன்று சரமும் நெருங்கும் நடுமையத்தில் அதைவிடப் பெரிய மணிக்கு இடமில்லை.

மேல்நாட்டிலிருந்து எதிர்ப்பு வந்தது. 1953-ல் டி.என்.ஏ.யின் அமைப்பைக் கண்டுபிடித்துப் பேர்பெற்ற கிரிக், ரிச் என்பவரோடு சேர்ந்து 1955-ல் வேறொரு கணக்கைப் போட்டார். சென்னையாரின் உருவத்தில் சில அணுக்கள் கூடாத நெருக்கத்தில் நிற்கின்றன என்பது குற்றச்சாட்டு. மூன்று சரம் என்ற மூலக் கருத்து சென்னையில் பிறந்ததுதான். சரங்களுக்கிடையே உள்ள பிணைப்புகளின் எண்ணிக்கையில் பிற்கால ஆராய்ச்சி கிரிக் பக்கமே சாய்ந்தது என்பதையும் மறைக்கவேண்டியதில்லை. கடல் கடந்த பெரிய பெயர்களின் நிழலில், புகழில் பெரும்பங்கு அவர்களுக்கே போயிற்று. அது ராமச்சந்திரன் மனத்தைச் சுட்டது.

சுட்டது வீண்போகவில்லை. அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம், எவ்வளவு நெருங்கக்கூடாது? தெரிந்த படிகங்களையெல்லாம் புரட்டி அளவெடுத்தார். சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் இருவருடனும் சேர்ந்து 1963-ல் ஒரு வரைபடம் போட்டார். புரதம் எந்தெந்தக் கோணத்தில் மடங்க முடியும் என்பதை ஒரு சின்னச் சதுரத்துக்குள் காட்டும் படம். ராமச்சந்திரன் வரைபடம் என்ற பெயரில் இன்று உலகெங்கும் உயிர்-ரசாயன மாணவர்கள் அதைப் படிக்கிறார்கள்.

நிழல்களைக் கூட்டும் கணக்கு

1970-ல் அவர் சென்னை சர்வகலாசாலையை விட்டார். பெங்களூருக்குத் திரும்பி, மூலக்கூறு உயிர்ப்பௌதிகப் பிரிவு ஒன்றை ஆரம்பித்தார். அமெரிக்காவில் சிக்காகோ சர்வகலாசாலைக்கும் போய் வந்துகொண்டிருந்தார். அந்த நாளில் அவர் பிடித்துக்கொண்ட பிரச்னை இது: பல பக்கத்திலிருந்து எடுத்த நிழற்படங்களை வைத்துக்கொண்டு, பொருளின் உள் உருவத்தை எப்படி வரைவது?

வாசகர்கள் ஒரு தென்னந்தோப்பை நினைத்துக்கொள்ளட்டும். உள்ளே போகக்கூடாது. சுற்றிலும் வரப்பு. எந்த இடத்தில் எந்த மரம் நிற்கிறது என்று சொல்லவேண்டும். தெற்கு வரப்பில் நின்றால் ஒரு மரம் இன்னொன்றை மறைக்கும். கிழக்கு வரப்பில் நின்றால் வேறு மாதிரி மறைக்கும். தோப்பைச் சுற்றி வந்து, ஒவ்வொரு அடியிலும் எவ்வளவு மறைப்பு என்று குறித்துக்கொண்டே போனால், உள்ளே காலை வைக்காமலே மரங்களின் இடத்தைக் கணக்கிட்டுவிடலாம். இது முடியும் என்று ராடான் என்ற கணித மேதை 1917-லேயே காட்டியிருந்தார்.

எப்படிக் கணக்கிடுவது? ஒவ்வொரு நிழலையும் அது வந்த வழியே திரும்ப இழுத்துக் காகிதத்தில் பூசலாம். எல்லா நிழலும் கூடும் இடம் கறுக்கும். அங்கே மரம். ஆனால் மரத்தைச் சுற்றிலும் ஈரக் காகிதத்தில் மை ஊறினாற்போல் கறை படியும். அதைப் போக்க அப்போது இருந்த வழி நீண்ட கணக்கு. அந்தக் காலத்துக் கம்ப்யூட்டருக்கு அது பெரிய சுமை.

ராமச்சந்திரனும் அவருடன் உழைத்த ஏ. வி. லட்சுமிநாராயணனும் 1971-ல் சொன்ன வழி சுருக்கமானது. நிழலைப் பூசுவதற்கு முன்பே, ஒவ்வொரு அளவிலிருந்தும் அதன் இருபக்கத்து அளவுகளில் ஒரு பின்னத்தைக் கழித்துவிடவேண்டும். பக்கத்தில் உள்ளதில் அதிகம், தள்ளி உள்ளதில் கொஞ்சம். பிறகு பூசவேண்டும். அப்போது கறை ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். பெருக்கல், கூட்டல், கழித்தல், அவ்வளவுதான். எல்லாப் படமும் எடுத்து முடியும் வரை காத்திருக்கவேண்டியதுமில்லை. முதல் நிழல் வந்ததுமே கணக்கைத் தொடங்கிவிடலாம்.

அதே 1971-ல், அக்டோபர் 1-ந் தேதி, லண்டனில் ஓர் ஆஸ்பத்திரியில் முதல் நோயாளியின் தலையை ஸ்கேன் செய்தார்கள். இயந்திரத்தைச் செய்தவர் ஹவுன்ஸ்ஃபீல்ட். அவர் வேலை பார்த்த கம்பெனி ஈ.எம்.ஐ. நம் வீட்டுப் பழைய இசைத்தட்டுகளில் கிராமபோன் முன்னால் ஒரு நாய் உட்கார்ந்திருக்குமே, அந்த எச்.எம்.வி.க்குச் சொந்தக்காரர்கள். ஹவுன்ஸ்ஃபீல்டின் முதல் கணக்கு முறை வேறு. ஆனால் பின்னால் வந்த ஸ்கேன் இயந்திரங்கள் ‘கழித்துப் பூசும்’ வழியைத்தான் பல வருஷம் கையாண்டன. அந்தக் கழித்தல் கணக்குக்கு ‘ராம்-லாக்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. முதல் பாதி ராமச்சந்திரன். பின் பாதி லட்சுமிநாராயணன்.

நியாயத்தையும் சொல்லவேண்டும். ப்ரேஸ்வெல், ரிடில் என்ற இருவர் வானத்து ரேடியோ அலைகளை ஆராய்ந்தபோது 1967-ல் இதே வழியைத் தொட்டிருந்தார்கள். எக்ஸ்-ரே படத்துக்கு அதைக் கொண்டுவந்து, பலரும் எடுத்தாளும்படி செய்தது ராமச்சந்திரன் கோஷ்டி. 1979-ல் ஸ்கேனுக்கு நோபல் பரிசு கொடுத்தபோது ஹவுன்ஸ்ஃபீல்டும் கார்மாக்கும் பெற்றார்கள். ஸ்கேனைக் கண்டுபிடித்தவரே ராமச்சந்திரன்தான் என்று சிலர் பேசுவது அதிகப்படி. கொலாஜனுக்காவது கொடுத்திருக்கலாம் என்று சொன்னால், நாம் மறுக்கமாட்டோம்.

விரல் வெளுத்தால்

இப்போது வியாதிக்கு வருவோம்.

ராமச்சந்திரன் திருச்சியில் தேறிய அதே 1942-ல், நியூயார்க்கில் கிளெம்பெரர் என்ற டாக்டரும் அவர் தோழர்களும் சில வியாதிகளுக்குக் கொலாஜன் வியாதிகள் என்று பெயர் வைத்தார்கள். பின்னால் இணைப்புத் திசு நோய்கள் என்று அழைத்தார்கள். முடக்குவாதம், லூபஸ், தோல் இறுகும் நோயாகிய ஸ்கிளிரோடெர்மா எல்லாம் இந்தக் குடும்பம். கிருமியை அடிப்பதற்காக உடம்பு வைத்திருக்கும் காவல்படை, இந்த வியாதிகளில் சொந்த உடம்பையே அடிக்கத் தொடங்குகிறது. வேலியே பயிரை மேய்வது என்போமே, அதுதான்.

ஸ்கிளிரோடெர்மாவில் இன்னொரு விபரீதமும் சேருகிறது. நம் முப்புரிக் கயிறு அளவுக்கு மீறி உற்பத்தியாகிறது. தோலில் குவிந்தால் தோல் இறுகும், விரல் மடங்காது. நுரையீரலில் குவிந்தால் மூச்சு விரியாது. இந்த நோயாளிகள் இறப்பதற்கு முதல் காரணம் நுரையீரல் கெடுவதுதான். அபூர்வமான வியாதி. ஆனால் வந்தால் ஆண்களைவிடப் பெண்களுக்கே மிகுதியாக வருகிறது. அதுவும் நடுவயதில், பிள்ளை குட்டிகளைக் கரையேற்றிக்கொண்டிருக்கும் வயதில்.

மார்கழி விடியலில் குளிர்ந்த தண்ணீர் தெளித்துக் கோலம் போடும் பெண்ணுக்கு விரல் நுனி சுண்ணாம்பாக வெளுக்கிறது. பிறகு நீலம் பாய்கிறது. சூடு பட்டதும் சிவக்கிறது. நாற்று நடும்போதும் களை எடுக்கும்போதும் அப்படியே. பனிக்கு ஆகவில்லை என்று நினைத்து விட்டுவிடுவார்கள். இதைக் கண்டு எல்லோரும் பயப்படவேண்டாம். பலருக்கு இது வெறும் குளிர்தான்; வேறு தீங்கு இல்லை. ஆனால் கூடவே விரல்கள் பூசினாற்போல வீங்கியிருந்தால், தோல் இறுகினால், வறட்டு இருமல் விடாமல் இருந்தால், மாடிப்படி ஏறும்போது மூச்சு முட்டினால் டாக்டரைப் பார்க்கத்தான் வேண்டும்.

முதலில் டாக்டர் செய்யக்கூடியது மிகச் சுலபம். நகத்தின் அடியில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்ப்பார். அங்கே தலைமயிரைவிட மெல்லிய ரத்தக் குழாய்கள் கொண்டை ஊசி மாதிரி வரிசையாகத் தெரியும். வியாதி தொடங்கியிருந்தால் அவை பருத்துக் கோணிப்போயிருக்கும். சில இடத்தில் இல்லாமலே போயிருக்கும். கூடவே ரத்தப் பரிசோதனை. மூட்டு வீங்கும் வாதமானால், அல்ட்ராசவுண்ட் படம் எலும்பு அரிப்பதற்கு முன்பே உள்வீக்கத்தைக் காட்டிக்கொடுக்கும்.

நுரையீரலுக்கு ஸ்கேன். சாதாரண மார்பு எக்ஸ்-ரே போதாதா? போதாது. வாழையிலைக் கட்டு ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், நடு இலையில் உள்ள கிழிசல் தெரியுமா? எக்ஸ்-ரேயில் எல்லா அடுக்கும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகிறது. வியாதி தொடங்கிய காலத்தில் படம் சுத்தமாகவே இருப்பதுண்டு. சி.டி. ஸ்கேன் ஒவ்வோர் இலையாக உருவிக் காட்டுகிறது. ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள அடுக்குகளாகப் பார்க்கும்போது, நுரையீரலின் அடிப்பாகத்தில் பனிபடிந்த கண்ணாடி மாதிரி ஒரு மங்கல் தெரியும். மெல்லிய வலைக்கோடுகள் தெரியும். அந்தக் கட்டத்தில் காவல்படையை அடக்கும் மருந்தும், தழும்பு வளர்வதை மட்டுப்படுத்தும் மருந்தும் கொடுத்து, பலருக்கு வியாதியை நிறுத்திவைக்கவோ மெதுவாக்கவோ முடிகிறது. விட்டுவிட்டால் மங்கல் தழும்பாகும். தழும்பு தேனடை மாதிரி ஓட்டை ஓட்டையாகும். தேனடையான பிறகு எந்த மருந்தும் பழைய நுரையீரலைத் திருப்பித் தராது. அதனால்தான் ஸ்கிளிரோடெர்மா என்று தெரிந்ததும், மூச்சுத் திணறல் வரும்வரை காத்திராமல், ஆரம்பத்திலேயே ஒரு ஸ்கேன் எடுத்துவிடும்படி வைத்திய நிபுணர்கள் சொல்லுகிறார்கள்.

இதற்காகச் சென்னைக்கு ரயில் ஏறவேண்டிய காலம் போய்விட்டது. தஞ்சை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலேயே ஸ்கேன் இருக்கிறது. வலி கிடையாது. மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்வார்கள். சில விநாடிகளில் முடிந்துவிடும். கர்ப்பிணியாக இருந்தால், அல்லது அப்படிச் சந்தேகம் இருந்தால், படுக்கும் முன்பே சொல்லிவிடவேண்டும். எக்ஸ் கதிர் வயிற்றுக் குழந்தைக்கு நல்லதல்ல.

இன்றைய இயந்திரங்களில் இன்னும் புதிய கணக்கு முறைகள் சேர்ந்துவிட்டன. ஆனாலும் அளவுக்கு மீறிக் குவியும் முப்புரிக் கயிற்றைத் தேடும் அந்த ஸ்கேன், ராம்-லாக் கணக்கின் வழியில் வந்ததுதான். ராமச்சந்திரன் வைத்தியர் இல்லை. இந்த வியாதியை நினைத்து அவர் இரண்டையும் செய்யவுமில்லை.

கடைசி நாட்கள்

1977-ல் லண்டன் ராயல் சொஸைட்டி அவரைத் தன் அங்கத்தினராக எடுத்துக்கொண்டது. ஓய்வு பெற்ற பிறகும் சும்மா இருக்கவில்லை. தர்க்க சாஸ்திரத்தில் இறங்கி, நம் நாட்டுப் பழைய நியாய முறைகளைக் கணக்கு வடிவில் எழுதிப் பார்த்தார்.

1945-ல் அவர் மணந்துகொண்டவர் ராஜலட்சுமி. ராஜம் என்று அழைப்பார்கள். இரண்டு மகன்கள், ஒரு மகள். மகன்களில் ஒருவரான ரமேஷ் நாராயண், அமெரிக்காவில் ஹார்வர்ட் சர்வகலாசாலையில் வான பௌதிகப் பேராசிரியரானார். 2019-ல் உலகத்திலேயே முதல் தடவையாகக் கருந்துளையின் படத்தை வெளியிட்ட விஞ்ஞானிகள் கூட்டத்தில் அவர் பெயரும் உண்டு.

தகப்பனாருக்கு முதுமை கொடுமையாக வந்தது. பார்க்கின்ஸன் என்ற நடுக்குவாதம் பிடித்துக்கொண்டது. பக்கவாதமும் தாக்கியது. அணுவுக்கும் அணுவுக்கும் இடைவெளி அளந்த மனிதருக்குச் சொந்தக் கைகால் சொன்னபடி கேட்கவில்லை. கூடவே இருந்து பார்த்துக்கொண்ட ராஜம் 1998-ல் காலமானார். ஐம்பது வருஷத்துக்கு மேற்பட்ட தாம்பத்தியம்.

அடுத்த வருஷம், 1999-ல், உலகப் படிகவியல் சங்கம் மூன்று வருஷத்துக்கு ஒரு முறை வழங்கும் ஏவால்ட் பரிசை அவருக்கு வழங்கியது. படிக ஆராய்ச்சிக்காரர்களுக்கு அதைவிடப் பெரிய கௌரவம் இல்லை. பரிசைக் காட்டி மகிழ மனைவி இல்லை.

2001-ம் வருஷம் ஏப்ரல் 7-ந் தேதி சென்னையில் ராமச்சந்திரன் காலமானார். வயது 78.